பந்தியில் கை நீட்டாதவர்கள்



திருவிருந்து ஆராதனையில் சபையார் காணாத ஒன்றைப் போதகர் காண்கிறார். விசுவாசிகள் கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, அப்பத்தட்டு வரிசை வரிசையாகக் கடந்துபோகிறது. முன்னே நிற்கிற எங்களுக்கு, அதில் யார் கை நீட்டுகிறார்கள், யார் அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள் என்பது தெரியும். அந்த வாரம் வீட்டில் சண்டையிட்டவர் எடுக்கமாட்டார். அடுத்த மாதம் சமாதானமாகி எடுத்துவிடுவார். அவரைக் குறித்து எனக்குக் கவலை இல்லை. வருஷக்கணக்காய் எடுக்காதவர்களே என் பாரம். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள், தசமபாகம் கொடுக்கிறவர்கள். பந்தி வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்ளுகிறார்கள்.

தனியே அழைத்து விசாரித்தால், சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில் வருகிறது: "கர்த்தர் மன்னிச்சிட்டார்னு நம்பறேன், பாஸ்டர். என்னாலதான் என்னை மன்னிக்க முடியல."

மர்பி டவுனில் ஊழியம் செய்துவருகிற இந்த 20 ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. ஒற்றை அறை வீடுகளில் கேட்டிருக்கிறேன். மருத்துவமனை வார்டுகளில், ஆக்சிஜன் குழாயை விலக்கிக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்குத் தாழ்மையான வார்த்தையைப்போல் தோன்றும். மரணப்படுக்கையில் கிடக்கிற ஒரு விசுவாசிக்கு இதைவிடப் பெரிய சுமை வேறில்லை. ஆகையால் இந்த மாதம் இதைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

அல்சூரை அடுத்த இந்தப் பகுதி ஒருகாலத்தில் நாக்ஸ்பேட்டை என்று அழைக்கப்பட்டது. பின்பு கண்டோன்மென்டின் பொறியாளராயிருந்த மர்பி என்பவரின் பெயரைப் பெற்றது. தண்டுப் பகுதியின் தமிழர்களில் அநேகர் வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பிழைப்பைத் தேடி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் அங்கிருந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ஊரைவிட்டு வந்தவர்களின் குற்ற உணர்வுக்கு ஒரு தனிச்சாயல் இருக்கிறது. தாய் தகப்பன் கிராமத்தில் மரித்தபோது பக்கத்தில் இல்லாதவர்கள், ஊரிலிருந்த மனைக்குக் கையெழுத்துப் போட்டுத் தங்கையின் பங்கை விழுங்கினவர்கள், இரட்சிக்கப்படுமுன் குடித்து மனைவியை அடித்தவர்கள், ஒருவருக்கும் சொல்லாமல் கருக்கலைப்புச் செய்துகொண்ட சகோதரிகள் என்று பலர் உண்டு. அவர்கள் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது மெய், அழுதது மெய். ஆனாலும் அந்த ஒரு காரியத்தை மாத்திரம் சிலுவையின் அடிவாரத்தில் வைக்காமல் தங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுகிறார்கள்.

குற்றம் செய்யாமலே குற்றவாளிகளாய் வாழ்கிறவர்களும் நம் நடுவில் உண்டு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்சிலேயே அலைந்தோம். மரித்தவரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் பிளாஸ்டிக் உறையில் கண்டோம். "நான்தான் வேலைக்குப் போய் அந்த நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அப்பா போய்ச் சேர்ந்தார்" என்று இன்றும் ஒரு வாலிபன் என்னிடத்தில் சொல்லுகிறான். பிரியமானவனே, அது பாவம் அல்ல, துக்கம். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. பாவத்தை அறிக்கையிட வேண்டும், துக்கத்தை அழுது தீர்க்க வேண்டும். செய்யாத பாவத்துக்காக ஒருவன் ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டாலும் அவனுக்குச் சமாதானம் வராது. மன்னிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லையே! போதகர்களும் மூப்பர்களும் முதலாவது இதைப் பகுத்துப்பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

மெய்யாகவே பாவம் செய்தவனுக்கு என்ன சொல்வது? "உன்னை நீயே மன்னித்துக்கொள்" என்கிற ஆலோசனை இப்பொழுது எங்கும் கேட்கிறது. கிறிஸ்தவப் புத்தகங்களிலும் வந்துவிட்டது. சொல்லுகிறவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் தேடிப்பாருங்கள். தேவன் மன்னிக்கிறார், நாம் ஒருவருக்கொருவர் மன்னிக்கிறோம், ஒரு மனுஷன் தன்னைத்தானே மன்னித்ததாக எங்கும் இல்லை. கடன்பட்டவன் தன் கடனைத் தானே தள்ளுபடி செய்துகொள்ள முடியுமா? கடன்கொடுத்தவர் அல்லவா தள்ளவேண்டும்! ஆகவே "என்னை மன்னிக்க முடியவில்லை" என்று அழுகிறவரைப் பார்த்து, "எப்படியாவது முயற்சி செய்" என்று சொல்வது, தூக்க முடியாத சுமையின்மேல் இன்னொரு சுமையை வைப்பதாகும்.

அப்போஸ்தலனாகிய பவுல் வேறு வழியைக் காட்டுகிறார். 1 கொரிந்தியர் 4-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை நிதானமாய் வாசியுங்கள். மனுஷர் தன்னை விசாரிப்பது தனக்கு அற்பக்காரியம் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை, தன்னைத் தானும் விசாரிப்பதில்லை என்கிறார். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் எங்கள் ஆசிரியர் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இது நீதிமன்றத்தில் குற்றவாளியை நிறுத்திக் கேள்வி கேட்கிற சொல் என்று விளக்கினார். பவுல் தனக்கு விடுதலைத் தீர்ப்பும் எழுதிக்கொள்ளவில்லை, தண்டனைத் தீர்ப்பும் எழுதிக்கொள்ளவில்லை. நியாயாதிபதியின் ஆசனத்தைவிட்டு எழுந்துவிடுகிறார், அவ்வளவுதான். அது ஆண்டவருடைய ஆசனம்.

இதை எழுதினவர் யார்? ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களைக் காத்துநின்றவர், பரிசுத்தவான்களைச் சிறையில் அடைத்து, அவர்கள் கொலைசெய்யப்படச் சம்மதம் கொடுத்தவர். அதை அவர் மறந்தாரா? இல்லை. அப்போஸ்தலர் 22-லும் 26-லும் ஜனங்களுக்கும் ராஜாவுக்கும் முன்பாகத் தன் வாயாலேயே சொல்லுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் தான் பிரதானமானவன் என்கிறார். அதே தீமோத்தேயுவுக்கு எழுதின கடைசி நிருபத்தில், தான் காணிக்கையாய் வார்க்கப்படும் வேளை வந்தது என்றும், கிரீடம் தனக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கலங்காமல் எழுதுகிறார். ஸ்தேவானின் முகம் அவர் நினைவில் இருந்தது. ஆனாலும் அந்த நினைவு அவரைத் தண்டிக்க அதிகாரம் பெற்றிருக்கவில்லை.

"பாஸ்டர், அதே கொரிந்தியர் நிருபத்தில் நம்மை நாமே சோதித்தறிய வேண்டும் என்றும் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வசனம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ஒருவன் தன்னைச் சோதித்தறிந்து, பின்பு அப்பத்தில் புசிக்கவும் பாத்திரத்தில் பானம்பண்ணவும் வேண்டும் என்றே அப்போஸ்தலன் போதிக்கிறார். சோதித்தறிந்து எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை! நம் சபைகளில் முதல் பாதியை உரக்கப் பிரசங்கித்து, இரண்டாம் பாதியை மெதுவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதன் பலனாகத்தான் சிலருடைய கைகள் நீளாமல் இருக்கின்றன.

ஒரு சகோதரனுடைய காரியத்தைச் சொல்லுகிறேன். அவர் மரணத்துக்குப்பின் குடும்பத்தாரின் அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாலிப வயதில் இங்கே வந்து, ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டினவர். தகப்பன் இல்லை, தாயார் லுங்கித் தறியில் கூலிவேலை செய்து அவரையும் தங்கையையும் வளர்த்தார்கள். ஊரிலிருந்த ஒரு மனையின் விஷயமாக வீட்டில் மனஸ்தாபம் உண்டாயிற்று. அந்தச் சமயத்தில், 1991-இல், தாயாருக்கு உடம்பு முடியவில்லை, உடனே வா என்று தந்தி வந்தது. இது தன்னை வரவழைத்துக் கையெழுத்து வாங்குகிற தந்திரம் என்று எண்ணி அவர் தந்தியைக் கிழித்துப்போட்டார். மூன்றாம் நாள் இன்னொரு தந்தி வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பின்பு அந்த மனையை விற்று, தங்கைக்குப் பங்கு கொடுக்காமல் பணத்தோடு திரும்பிவிட்டார்.

சில ஆண்டுகளுக்குப்பின் கர்த்தர் அவரைச் சந்தித்தார். குடியை விட்டார், ஞானஸ்நானம் பெற்றார், ஆவியின் அபிஷேகத்தையும் பெற்றார். சபையில் மின்விசிறி பழுதானால் ஏணியோடு வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் நான் அறிந்த நாள் முதல் ஒருமுறையும் பந்தியில் கை நீட்டியதில்லை.

2016-இல் அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள், முற்றிவிட்டிருந்தது. நான் வீட்டுக்குப் போய் அமர்ந்தபோது முதன்முறையாக இவற்றையெல்லாம் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டபின், "இயேசுவின் இரத்தம் உங்களுடைய மற்ற பாவங்களையெல்லாம் கழுவும், இதைக் கழுவாதா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "கழுவும் பாஸ்டர். ஆனா நானும் இதை இறக்கி வச்சுட்டா, எங்கம்மாவுக்குன்னு வேற யாரு இருக்கா?" என்றார்.

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என்னை நிறுத்திவிட்டது. குற்ற உணர்வை விடமாட்டேன் என்கிறவர்களைப் பெருமையுள்ளவர்கள் என்றும் அவிசுவாசிகள் என்றும் சில பிரசங்கிமார் கண்டிக்கிறார்கள். சிலரிடத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். இந்த மனிதனிடத்தில் இருந்தது அன்பு. உயிரோடிருந்தபோது தாய்க்குச் செய்யாததை, 25 வருஷம் தன்னைத் தண்டித்துக்கொள்வதன் மூலம் செலுத்திக்கொண்டிருந்தார். அதை விடுவது தாயை இரண்டாம்முறை கைவிடுவதாக அவருக்குத் தோன்றிற்று. உங்களில் யாருக்காவது இப்படித் தோன்றுமானால் அதை நான் அற்பமாய் எண்ணமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் அன்புகூர்ந்த அந்த ஆத்துமாவுக்கு உங்கள் தண்டனையினால் என்ன கிடைத்தது? உங்கள் கண்ணீரை அவர் குடிக்கமுடியுமா? கிழித்த தந்தியை அது ஒட்டவைக்குமா? செலுத்தவேண்டியது இன்னும் உயிரோடிருக்கிறவர்களுக்கு அல்லவா?

இதைத்தான் அன்றைக்கு அவரிடத்தில் சொன்னேன். சகேயு தன்னை மன்னித்துக்கொள்ள முயற்சி செய்ததாக லூக்கா எழுதவில்லை. இயேசு வீட்டுக்கு வந்தவுடன் பணத்தை எண்ண ஆரம்பித்தான். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்திலும், அநியாயமாய் எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டுக்கடாவைப் பலிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. "உங்க தங்கச்சி இருக்காங்களே" என்றேன்.

தங்கையிடம் தொலைபேசியில் பேச அவருக்குத் துணிவில்லை. அவர் மனைவிதான் பேசினார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் ரயிலேறி கண்டோன்மென்ட் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அவர் கைகூப்பி அழுதபோது, நாங்கள் எதிர்பார்த்தபடி "பரவாயில்ல அண்ணே" என்று சொல்லவில்லை. "அண்ணே, நான் இத்தனை வருஷமா உன்மேல கோவமாத்தான் இருந்தேன், இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். அம்மா கடைசிவரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டுத்தான் கிடந்தா. ஆனா எனக்கு இந்தக் கோவம் இனிமே வேணாம். நீ நிம்மதியா இரு" என்றார்கள். நான் கேட்ட பிரசங்கங்கள் அநேகம். அவற்றில் பல இவ்வளவு நேர்மையாய் இருந்ததில்லை. மன்னிப்பு என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதல்ல என்பதை அந்த அம்மாள் அறிந்திருந்தார்கள்.

பணத்தின் காரியம் அவ்வளவு சுலபமாய் முடியவில்லை. மருத்துவச் செலவு ஏறிக்கொண்டிருந்தது; இந்த வேளையில் இது வேறா என்று மகனுக்கு மனக்கசப்பு. அது நியாயமான கசப்புதான். கடைசியில் ஒரு பகுதியை உடனே கொடுத்து, மீதியைத் தவணையாய்க் கொடுப்பதாக எழுதி, தகப்பனும் மகனும் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஞாயிறு மாலை மூப்பர் ஒருவரோடு போய் அந்த வீட்டிலேயே திருவிருந்து கொடுத்தேன். அப்பத்தை விழுங்க அவருக்குச் சிரமமாயிருந்தது. தண்ணீரில் நனைத்துக் கொடுத்தோம். பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்துக்குப்பின் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இடையில் ஒருநாள், "அம்மா நினைப்பு வருது பாஸ்டர், ஆனா இப்ப அடிக்கிற மாதிரி வரல" என்று சொன்னார்.

பேதுருவுக்கும் இப்படித்தான் நடந்தது. யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. முதலாவது, பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்து மறுதலித்த இடத்தில். இரண்டாவது, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மீன் சுட்டு வைத்திருந்த இடத்தில். அதே புகையின் வாசனையில் அவனை உட்காரவைத்து, சாப்பிடச் சொல்லி, அதற்குப்பின்பே மூன்று கேள்விகள் கேட்டார். உன்னை மன்னித்தேன் என்றோ, உன்னை நீ மன்னித்துக்கொள் என்றோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. சாப்பாடும் வேலையும் கொடுத்தார். யூதாசோ தானே குற்றம்சாட்டி, தானே தீர்ப்பெழுதி, தானே தண்டனையும் நிறைவேற்றிக்கொண்டான். அவனும் மனஸ்தாபப்பட்டான், காசையும் திருப்பிக்கொடுத்தான். ஆசாரியரிடத்தில் போனவன் ஆண்டவரிடத்தில் போகவில்லை.

இவ்வளவும் வாசித்தபின், "நானும் அறிக்கையிட்டேன், திருப்பிக் கொடுத்தேன், ஜெபித்தேன், ஆனாலும் உள்ளம் ஆறவில்லையே, இப்படியே மரித்தால் என் கதி என்ன?" என்று கேட்கிற ஒரு வாசகர் இருப்பார். அவருக்காக இரண்டு சிநேகிதரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இங்கிலாந்தில் ஓல்னி என்னும் சிற்றூரில் 1764 முதல் போதகராயிருந்தவர் ஜான் நியூட்டன். அவர் முன்பு அடிமைக் கப்பலின் தலைவன். ஆப்பிரிக்காவின் மக்களைச் சங்கிலியில் கட்டி விற்றவர். புயலில் ஆண்டவரைக் கூப்பிட்டது 1748-இல். அதற்குப்பின்னும் சில ஆண்டுகள் அதே தொழிலைச் செய்தார் என்பதை நம் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை. வெகுகாலம் கழித்து 1788-இல், அந்த வியாபாரத்தின் கொடுமைகளையும் அதில் தன் பங்கையும் அச்சிட்டு வெளியிட்டார்; வில்பர்ஃபோர்ஸ் போன்றோருக்குத் துணைநின்று சாட்சி கொடுத்தார். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பர் 21-இல் தமது 82-ஆம் வயதில் மரித்தார். நினைவு மங்கிப்போன முதிர்வயதில், தான் பெரிய பாவி என்பதும் கிறிஸ்து பெரிய இரட்சகர் என்பதும் மாத்திரம் தனக்கு நினைவிருப்பதாகச் சொன்னார் என்பார்கள். இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தார் பாருங்கள்.

அதே ஓல்னியில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரரைப்போல் வாழ்ந்தவர் கவிஞர் வில்லியம் கூப்பர். இம்மானுவேலின் இரத்த ஊற்றைக் குறித்து நாம் தமிழில் திருவிருந்து வேளையில் பாடுகிற பாடலின் ஆங்கில மூலம் அவர் எழுதியது. ஆறு வயதில் தாயை இழந்தவர். மனநோயினால் மருத்துவமனையில் இருந்தவர். அங்கேதான் ரோமர் 3-ஆம் அதிகாரத்தை வாசித்து இரட்சிப்பின் சந்தோஷத்தைப் பெற்றார். 1773 புத்தாண்டு தினத்தில் நியூட்டன் ஆச்சரியமான கிருபையைப் பற்றித் தாம் எழுதிய, உலகமெங்கும் பாடப்படுகிற அந்தப் பாடலைத் தமது சபைக்குக் கொடுத்தார். அதே மாதத்தில் கூப்பரின் மனம் மறுபடியும் இருளில் விழுந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப்பின் அவர் ஆலயத்துக்குப் போகவில்லை. உலகத்தாரெல்லாம் கழுவப்படும் ஊற்றைப் பாடினவர், அது தனக்கு மட்டும் இல்லை என்று நம்பினார். 27 ஆண்டுகள் இப்படியிருந்து, 1800 ஏப்ரல் 25-இல் மரித்தார். கடைசிவரை அவருக்குத் தேறுதல் வந்ததாகத் தெரியவில்லை.

இந்த இருவரில் யார் மரணத்துக்கு ஆயத்தமாயிருந்தார்? உணர்வை வைத்துச் சொன்னால் நியூட்டன். ஆனால் எனக்கு உணர்வு அளவுகோல் அல்ல. கூப்பர் 1773-க்குப்பின் செய்தது புதிய பாவம் ஒன்றும் இல்லை. அவருக்கு வந்தது வியாதி. காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளை, "நீ என் அப்பா இல்லை" என்று சொன்னால் தகப்பன் அதைக் கேட்டு ஆஸ்தியிலிருந்து நீக்கிவிடுவானா? நம்முடைய இருதயம் நம்மைக் குற்றவாளியாய்த் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்தைவிடப் பெரியவர், சகலத்தையும் அறிந்தவர் என்று யோவான் தன் முதலாம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் எழுதினது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். கீழ்நீதிமன்றத்தில் ஆயிரம் முறை தண்டனை வந்தாலும் மேல்நீதிமன்றத்தின் தீர்ப்பே நிற்கும். ஆகவே உள்ளம் ஆறவில்லை என்கிற பிரியமான வாசகரே, உங்கள் வழக்கு உங்கள் உள்ளத்தில் நடக்கவில்லை. நாட்கணக்கில் தூக்கமின்றி, உண்ண மனமின்றி, சாகலாமா என்ற எண்ணம் வருமானால் ஜெபத்தோடுகூட மனநல மருத்துவரிடமும் போங்கள். நம் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. வெட்கப்படவேண்டாம். கூப்பரை மருத்துவமனையில் சேர்த்த சிநேகிதரையும் கர்த்தர்தான் அனுப்பினார்.

மரணப்படுக்கையைச் சந்திக்கப் போகிறவர்களிடம் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். இதில் நம் பெந்தெகொஸ்தே சபையார் கற்றுக்கொள்ளவேண்டியது நிறைய. "ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கு, அதனாலதான் சுகம் வரல" என்று வியாதியஸ்தர் காதுபடப் பேசுகிறவர்களை நான் வாசலிலேயே நிறுத்துவதுண்டு. யோபுவின் சிநேகிதர் அதைத்தான் சொன்னார்கள். தேவன் அவர்கள்மேல் கோபம்கொண்டார். ஏற்கெனவே தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறவனுக்கு இன்னொரு வழக்கறிஞர் எதிர்த்தரப்பில் வேண்டுமா? எசேக்கியாவுக்கு மரணச் செய்தி வந்தபோது வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும்படி தீர்க்கதரிசி சொன்னார். அந்த ஒழுங்கில் உயில், கடன், யாரோடு பேசாமல் இருக்கிறோம் என்பதெல்லாம் அடங்கும். "விசுவாசத்தைக் குலைக்கும்" என்று இவற்றைப் பேசாமல் தள்ளிப்போடுகிற வீடுகளில், அடக்கம் முடிந்த மறுநாளே பிள்ளைகள் வழக்குக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வலியோடு கிடக்கிறவனால் எந்த வசனத்தையும் கேட்க முடியாது. மருந்து கொடுத்து வலியைக் குறைப்பது அவிசுவாசம் அல்ல. மாரத்தஹள்ளிப் பக்கத்தில் 1999 முதல் நடந்துவருகிற கருணாஷ்ரயா, முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கிறது. கடைசி நாட்களை வலியின்றிக் கழிக்க இப்படியொரு இடம் இருப்பதை நம் சபைகளில் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

வசனம் வாசிக்கும்போது மெதுவாய், கொஞ்சமாய் வாசியுங்கள். சங்கீதம் 51, 103, 130, லூக்கா 23-இல் கள்ளனுடைய பகுதி, ரோமர் 8-இன் கடைசிப் பகுதி போதும். அந்தக் கள்ளனுக்குத் திருப்பிக் கொடுக்கவோ ஒருவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவோ கைகால் கட்டவிழ்ந்திருக்கவில்லை, சில மணிநேரமே இருந்தது, அது போதுமானதாயிருந்தது. பேச்சு நின்றபின்னும் காது கேட்கக்கூடும் என்று செவிலியர் சொல்லுவார்கள், ஆகையால் நிறுத்திவிடாதேயுங்கள். இங்கே வளர்ந்த நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள். அவர் ஞாயிறு பள்ளியில் தமிழில் மனப்பாடம் செய்தவர். கைப்பேசியில் தமிழ் வேதாகமத்தின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. தலையணைக்கு அருகில் அதை வைத்து, சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டு, பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.